மாடு மேய்ந்த பாத்தி

புல் ஆராய்ச்சி நிலையத்தில் என் அம்மா மூன்று பாத்திகளில் நின்றாள். ஒன்று வாய்க்கால் ஓரம், ஒன்று நடுவில், ஒன்று பாறைப் பக்கம். மூன்றும் அம்மாதான். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு தகரப் பலகை நட்டு, பச்சை பெயின்டில் ‘துளசிமணி’ என்று எழுதியிருந்தார்கள். மற்றப் பாத்திகளில் ‘தொழுவுரம்’, ‘சொட்டுநீர்’, ‘கரித்தூள்’ என்று எழுதியிருந்தது.

ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நடந்தது இதுதான்.

நிலையத்தில் ஆராய்வது ஒரே ஒரு புல்லை. மிஸ்காந்தஸ் என்று பெயர். வாய்க்குள் நுழையாததால் களையெடுக்கும் பெண்கள் அதைச் சீமைப்புல் என்பார்கள். அம்மாவும் அங்கே களையெடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தாள். பார்க்கக் கரும்புக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், கடித்தால் இனிக்காது. ஆளை மறைக்கிற உயரம் வளரும். ஒரு தடவை நட்டால் பதினைந்து வருஷம் தானாக வரும். அறுத்து மில் பாய்லருக்குப் போட்டால் எரியும். அரைத்து அழுத்தினால் பலகை வரும், தட்டு வரும், டம்ளர்கூட வரும் என்கிறார்கள். எதைப் போட்டால் எவ்வளவு விளையும் என்று பார்க்கத்தான் பாத்திகள்.

எந்தப் பாத்திக்கு எதைப் போடுவது என்று மனுஷன் முடிவு பண்ணக் கூடாதாம். பண்ணினால் தனக்குப் பிடித்ததை நல்ல மண்ணில் போட்டுவிடுவானாம். அதனால் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். நிலையத்துக்குப் பெரிய விஞ்ஞானி பர்வீன் மேடம். அவருக்குக் குலுக்க ஒரு டப்பா தேவைப்பட்டது. களையெடுக்கும் பெண்களிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பொங்கல் நோம்பிக்கு எல்லோருக்கும் லீவு கிடையாது. யார் போவது, யார் நிற்பது என்று அவர்கள் அந்த டப்பாவில்தான் சீட்டுப் போடுவார்கள். போன பொங்கலுக்குப் போட்ட சீட்டில் ஒன்று அடியில் சர்க்கரைப் பிசுக்கில் ஒட்டிக் கிடந்தது. மேடம் குலுக்கிய வேகத்தில் அது பெயர்ந்துகொண்டது. தொழுவுரம் வந்தது. கரித்தூள் வந்தது. அடுத்து துளசிமணி வந்தது.

அம்மாவோடு களையெடுக்கும் ருக்மணி அக்கா, “இன்னொருக்கா குலுக்கிப் போடலாமுங்களா மேடம்?” என்று கேட்டிருக்கிறாள்.

“வந்தது பிடிக்கலைன்னு மறுபடி குலுக்கினா அதுக்குப் பேரு குலுக்கல் இல்லம்மா,” என்றாராம் மேடம்.

அது நியாயம். அம்மாவும் நியாயம் என்றுதான் சொன்னாளாம். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டாள்.

ஆனால் எதையும் ஒரே பாத்தியில் வைத்துப் பார்த்தால் செல்லாது. அந்த இடத்து மண் கொடுத்ததா, நாம் போட்டது கொடுத்ததா என்று தெரியாமல் போய்விடும். மூன்று இடத்தில் வைக்க வேண்டும். சீமைப்புல்லுக்கு முளைக்கிற விதை கிடையாது. மஞ்சள் மாதிரி கிழங்கைப் பிட்டு நடுவதுதான். எத்தனை துண்டாகப் பிட்டாலும் அத்தனையும் அதே புல். அம்மாவையும் அப்படித்தான் மூன்று இடத்தில் வைத்தார்கள்.

வலித்ததா என்று கேட்டேன்.

“காது குத்துற மாதிரி இருந்துச்சு கண்ணு,” என்றாள் வாய்க்கால் அம்மா.

“எனக்குச் சரியா நெனப்பில்ல,” என்றாள் நடு அம்மா.

“உன்னப் பெத்ததுக்கு இது எவ்வளவோ தேவலாம்,” என்றாள் பாறை அம்மா.

நான் அப்போது பிளஸ் ஒன் பாதியில் நின்றிருந்தேன். ஏன் நின்றாய் என்று கேட்டால் பிடிக்கவில்லை என்பேன். அதற்கு மேல் காரணம் கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. வீட்டில் நானும் ரேடியோவும்தான். அப்பா லாரி ஓட்டுகிறவர், எப்போதாவது வருவார். அந்தத் தடவை வந்ததும், “உங்கம்மா எங்க?” என்றார்.

“பாத்தியில நிக்குது.”

“எந்தப் பாத்தி?”

“மூணுலயும்.”

கொஞ்சம் யோசித்தார். “தண்ணி விடறாங்களா?”

“விடறாங்க.”

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு நாசிக் பக்கம் போய்விட்டார்.

நான் தினமும் நிலையத்துக்குப் போனேன். முதலில் வாய்க்கால் அம்மா, அப்புறம் நடு அம்மா, கடைசியில் பாறை அம்மா. வரிசை மாறினால் ஒருத்தி கோபித்துக்கொள்வாள். யார் என்று சொல்லத் தேவையில்லை. வாய்க்கால் அம்மாவுக்கு நல்ல மண். கன்னம் உப்பி, முடி கறுத்து, எதைச் சொன்னாலும் சிரித்தாள். நடு அம்மா எதற்கும் மேடத்தைக் கேட்க வேண்டும் என்பாள். பாறை அம்மாவுக்குக் கால் ஊன்றவே இடமில்லை. கழுத்து எலும்பு தெரிந்தது. வாய் மட்டும் வாடவில்லை.

என் தொல்லை என்னவென்றால், நான் ஒன்று கேட்டால் மூன்று பதில் வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டேன்.

“போயிட்டு வா கண்ணு, ஊரு ஒலகம் பாத்த மாதிரி இருக்கும்.”

“அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்க.”

“கால ஒடிச்சு அடுப்புல வெச்சுருவேன்.”

மேடத்திடம் போய், இதில் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டேன். அவர் ஒரு புல்லின் தண்டைச் சுற்றி நூல் விட்டு அளந்துகொண்டிருந்தார். நிமிராமலே, “மூணையும் கூட்டிச் சராசரி எடுக்கணும். ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டா அது உன் ஆசை, முடிவு கிடையாது,” என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். போ என்பதையும், கேள் என்பதையும், காலை ஒடிப்பேன் என்பதையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்ப வேண்டும் என்று வந்தது. அப்படியே செய்தேன். தினமும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போவேன், திருப்பூர் பஸ் வரும், திரும்பி வந்துவிடுவேன். டிரைவருக்கு நான் பழகிப்போனேன். ஒரு நாள் நான் போகவில்லை. மறுநாள், ஏன் வரவில்லை என்று கேட்டார்.

மார்கழியில் பனி விழுந்தது. சீமைப்புல்லின் தோகை பழுப்பேறிக் கீழே உதிர ஆரம்பித்தது. நான் பாறைப் பாத்திப் பக்கம் போனபோது அம்மா பேசாமல் நின்றாள். அதுவரை அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ருக்மணி அக்கா பக்கத்துப் பாத்தியில் தோகை கூட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மாவுக்கு என்னக்கா ஆச்சு?”

“ஒண்ணுமாகுல புள்ள. கீழ போறா.”

“கீழன்னா?”

“பனி விழுந்தா இதுக மேல இருக்கற சத்தையெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாக் கீழ கிழங்குக்கு அனுப்பிப் போடும். மேல வெறுந்தண்டுதான் நிக்கும். நல்லாக் காஞ்ச பொறகு மாசியில அறுப்போம். சத்து மண்ணுலயே நின்னுக்கும், அடுத்த சித்திரையில அதுலருந்து திரும்ப வரும். அதனாலதான் இதுக்கு ஒரமே வேண்டாங்கறது.”

“எங்கம்மாவையுமா அறுப்பீங்க?”

“பாத்தியில நிக்கறதையெல்லாம் அறுக்கோணும்ல. கணுக்கால் ஒசரம் விட்டுத்தான் அறுப்போம். நீ ஒண்ணும் வெசனப்படாத.”

அறுத்ததைக் கட்டுக் கட்டி, எடை போட்டு, பலகை அழுத்தும் மெஷினுக்கு அனுப்புவார்கள். அம்மா சித்திரையில் வருவாள். ஆனால் பாத்தியில்தான் வருவாள். மாசியில் மறுபடி அறுப்பார்கள். இப்படிப் பதினைந்து வருஷம். அதற்குள் ஊரில் பாதி வீட்டுக்கு அம்மாவில் அலமாரி செய்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அம்மா வீட்டில் வேண்டும். கூட்டிக் கழிக்காமல் ஒரே ஒரு பதில் சொல்கிற அம்மா வேண்டும்.

தை பிறந்ததும் மூன்று அம்மாவும் வேகமாகக் கீழே போனார்கள். ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொன்று குறைந்தது. நடு அம்மாவிடம் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டால் “புளின்னா?” என்றாள். மறுநாள் போனால் அப்பாவின் பெயர் போயிருந்தது. வாய்க்கால் ஓரம் ஈரம் இருந்ததால் அந்த அம்மாவுக்கு இன்னும் எல்லாம் நினைவிருந்தது, நான் எந்த வகுப்பில் எந்த டீச்சரைத் திட்டினேன் என்பது வரைக்கும். பாறை அம்மாதான் மோசம். ஒவ்வொரு நாளும் போகும்போது முந்தின நாளைவிடக் காற்றில் அதிகம் சலசலத்தாள்.

மேடத்திடம் போனேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

“எங்கம்மாவ விட்டுருங்க மேடம்.”

“விட்டா பாத்தி காலியாயிடுமே.”

“அப்ப நான் நிக்கறேன். நாத்து பட்டுப்போனா அந்த எடத்துல வேற நாத்து வெச்சு நடுவாங்கல்ல, அந்த மாதிரி.”

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். தோளைப் பிடித்துத் திருப்பி முதுகுப் பக்கமும் பார்த்தார். “நீ வேற ரகம்மா.”

“அவங்க பொண்ணுதான நான்?”

“அதுதான் பிரச்சினை. நீ விதையில வந்தவ. உங்கப்பா கலந்திருக்கார். இந்த ஆராய்ச்சியில எல்லாமே கிழங்கு வழி வந்ததுதான்.”

அப்பா கலந்திருப்பது எனக்கும் தெரியும், மூக்கைப் பார்த்தாலே தெரியும். மேடம் அளந்துகொண்டே போனார். நான் பின்னாலேயே போனேன்.

“ஒரு பாத்தி போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“போச்சுன்னா?”

“இல்லாமப் போச்சுன்னா.”

“மாடு மேஞ்சு போறது உண்டு. மத்தப் பாத்திகளை வச்சு, அது இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு கணக்குல கண்டுபிடிச்சுக்குவோம். ஒண்ணு போனா சமாளிச்சுடலாம். ரெண்டு போனா இத்தனை வருஷ வேலையும் போச்சு.”

“மனுஷன் எடுத்துட்டுப் போனா?”

“அது திருட்டு. போலீஸுக்குச் சொல்லணும்.”

“மாடு மேஞ்சா சொல்ல வேண்டாமா?”

“மாடு வேணும்னு செய்யறதில்லையே.”

எங்களிடம் மாடு இல்லை. ருக்மணி அக்காவிடம் கேட்டேன். அவள் மாடு சினையாக இருந்தது, வேலி தாண்ட விடமாட்டேன் என்றாள். “ஏன், மாட்டுக்குப் பதிலா நீயே மேயப் போறதுதான?” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் மேடத்திடம் போய்க் கேட்டோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார்.

“நாலு காலும் தரையில இருக்கணும்,” என்றார் கடைசியில். “எந்தப் பாத்தின்னு என்கிட்ட சொல்லக் கூடாது. எனக்குத் தெரிஞ்சா அது மேய்ச்சல் இல்ல.”

அதாவது ஒரு அம்மாவைத்தான் எடுக்க முடியும். எந்த அம்மா என்று நான்தான் முடிவு பண்ண வேண்டும். டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கலாமா என்றுகூட நினைத்தேன். டப்பா மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. மூன்று பேரிடமும் நேராகவே கேட்டேன்.

“வூட்டுக்கு வர்றியாம்மா?”

வாய்க்கால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை இன்னும் பச்சையாக, குளிர்ச்சியாக இருந்தது. “இங்க நல்லாத்தான் இருக்குது கண்ணு. காலைல எந்திரிக்கற சோலி இல்ல. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல. நீ பெரிய புள்ளயாயிட்ட, பாத்துக்குவ.” சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. நினைவிருந்துதான் சொன்னாள்.

நடு அம்மா, “மேடம் வரச் சொன்னாங்களா?” என்றாள்.

பாறை அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். “நீ யாரு புள்ள?”

“நான்தாம்மா, கோகி. கோகிலவாணி.”

“எந்த ஊரு?”

“இதே ஊருதான்.”

“இதே ஊருல இருந்துட்டா இப்படி வர்ற? தலையென்ன குருவிக் கூடா? போய்ச் சீவிட்டு வா மொதல்ல. பொட்டப்புள்ளயா நீ?”

வீட்டுக்குப் போய்த் தலை சீவினேன். சீவும்போதே முடிவாகிவிட்டது. சரியா தப்பா என்று தெரியவில்லை. இதைச் சராசரி எடுக்க முடியாது.

அறுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் போனேன். காவலுக்கு இருக்கும் சென்னியப்பண்ணன் அந்த நேரத்தில் மோட்டார் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பாறைப் பக்கம் முள்வேலியில் மாடு நுழைகிற சந்து ஒன்று உண்டு. கையை ஊன்றி நுழைந்தேன். நாலு காலில் நடப்பது சொல்கிற மாதிரி லேசில்லை. முழங்கால் தோல் உரிந்துவிட்டது. எழுந்து நின்று இரண்டு எட்டு வைத்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அது திருட்டு.

வழியில் தொழுவுரம், கரித்தூள் இரண்டையும் தொடாமல் தாண்டிப் போனேன். பாத்திக்குள் தலையை விட்டு அம்மாவின் முந்தானையைப் பல்லால் கடித்து இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் முன்னால் போய்ச் சேலைக் கொசுவத்தைக் கடித்துத் தலையை ஆட்டி ஆட்டி இழுத்தேன். மாடுகள் அப்படித்தான் செய்யும். மண் பொலபொலவென்று விட்டது. அம்மா வேரோடு வந்துவிட்டாள். தக்கை மாதிரி இருந்தாள். பாதத்திலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, “கடிக்காத சனியனே, ஒரே ஒரு நல்ல சேலை,” என்றாள்.

அதற்குள் சென்னியப்பண்ணன் கை கழுவாமலே ஓடி வந்துவிட்டார். “ஏய்! ஹேய்! மாடு! மாடு!”

எனக்கு அவரைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவருக்கும் என்னைத் தெரியும். “அண்ணா, நான்தானுங்,” என்றேன்.

“நீதான்னு தெரியுது. மேஞ்சியா இல்லியா?”

“மேஞ்சேனுங்.”

“பொறகென்ன?” என்று கழுத்தில் கயிற்றைப் போட்டார். இறுக்கவில்லை. நல்ல மனுஷன்.

பாத்தியைப் பார்த்தார். பலகை மட்டும் நின்றது. அம்மா அதற்குள் வேலிக்கு வெளியே போய் ரோட்டில் நின்று சேலையை உதறிக்கொண்டிருந்தாள். பாத்தியில் இல்லாததைக் காப்பது அவர் வேலை இல்லை. “வூட்டுக்கு வழி தெரியுமாங்க்கா?” என்று மட்டும் கேட்டார்.

“வழி தெரிஞ்சா போறோம். இல்லாட்டி வேற வூட்டுக்குப் போறோம்,” என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாள். எங்கள் வீடு இருக்கிற பக்கம்தான் நடந்தாளா என்று பார்க்கக் கழுத்தைத் திருப்பினேன். கயிறு விடவில்லை.

என்னைப் பவுண்டில் அடைத்தார்கள். அடுத்தவன் காட்டில் மேய்கிற மாடுகளைப் பஞ்சாயத்தில் பிடித்து அடைத்து வைக்கிற இடம் அது. மாட்டுக்காரர் வந்து, தன் மாடுதான் என்று அடையாளம் காட்டினால் அவிழ்த்து விடுவார்கள். யாரும் வராவிட்டால் சந்தையில் ஏலம் விடுவார்கள். அங்கே ஏற்கனவே ஒரு எருமையும் ஒரு செவலைக் கிடாரிக் கன்றும் இருந்தன. பவுண்டைப் பார்த்துக்கொள்ளும் மாரப்பன் தாத்தா எனக்கும் ஒரு கை சோளத்தட்டு அள்ளிப் போட்டார். அப்புறம் தனியாக ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

“எப்ப ஏலம் போடுவீங்க தாத்தா?”

“சந்தையன்னிக்கு. உனக்கு யாரு இருக்கா?”

“அம்மா இருக்குது.”

“வருமா?”

தெரியவில்லை என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி என்ன ஆகப் போகிறது. அவள் போனது எங்கள் வீட்டுக்கா என்பதே தெரியாது. போயிருந்தாலும் அது தன் வீடு என்று தெரிய வேண்டும். வீட்டில் ஒரு பெண் குறைகிறாள் என்று தெரிய வேண்டும். அந்தப் பெண் மாடாகி இங்கே கட்டிக் கிடக்கிறாள் என்று யாராவது சொல்ல வேண்டும். வாய்க்கால் அம்மாவை எடுத்திருந்தால் அவளுக்கு எல்லாம் நினைவிருந்திருக்கும். ஆனால் அவள் வந்திருக்க மாட்டாள். இதையே திருப்பித் திருப்பி யோசித்ததில் தலை வலித்தது. செவலை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அசை போட்டது.

மறுநாள் அறுப்பு. பவுண்டு ரோட்டோரம் என்பதால் டிராக்டர் போவது தெரிந்தது. சீமைப்புல் கட்டுகள் வெயிலில் வெள்ளியாக மின்னின. எந்தக் கட்டு எந்தப் பாத்தி என்று தெரிவதற்காகத் தகரப் பலகையை அந்தந்தக் கட்டின் மேல் செருகியிருந்தார்கள். துளசிமணி என்று ஒரு கட்டுத்தான் போனது. ருக்மணி அக்கா டிராக்டருக்குப் பின்னால் நடந்து வந்தவள் வேலியருகில் நின்றாள்.

“அது நடு பாத்தி. வாய்க்கால் ஓரத்து உங்கம்மா இன்னும் காயல புள்ள. ஈரமா அனுப்பினா மெஷின் எடுக்காது. களத்துல ஒணத்திப் போட்டிருக்குது.”

“என்னமாச்சும் சொல்லுச்சா?”

“அறுக்கறப்ப, கூசுதுன்னு சிரிச்சா.”

“நடு அம்மா?”

“மேடத்தைப் பாத்தா. மேடம் தலையாட்டினாங்க. சரின்னுட்டா.”

“பாறைப் பாத்திக்குக் கணக்குப் போட்டாங்களா?”

“போட்டாங்க. உங்கம்மா அதுல நின்னிருந்தா தொழுவுரத்தத் தூக்கி அடிச்சிருப்பாளாம். மேடத்துக்கு ஒரே சந்தோசம்.” அக்கா கயிற்றை ஒரு தடவை பார்த்தாள். “உங்கம்மாகிட்ட சொல்லட்டுமா, நீ இங்க இருக்கறத?”

“எங்க இருக்குது எங்கம்மா?”

“உங்க வூட்டுலதான். வாசல் கூட்டிட்டு இருந்தா. யாரு வூடுன்னு கேட்டேன். ‘குப்பையாக் கெடந்துச்சு, கூட்டறேன்’னா.”

சந்தை நாள் காலையில் அம்மா வந்தாள். சலசலவென்று சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஏலக்காரர்கள் இரண்டு பேர் அதற்குள் வந்து எருமையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் பல்லையும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மாரப்பன் தாத்தா, “எந்த மாடுங்க அம்மிணி?” என்றார்.

அம்மா பதில் சொல்லாமல் உள்ளே வந்தாள். எருமையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செவலையைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உரிமைக்காரர்தான் அடையாளம் சொல்ல வேண்டும், மாடு சொன்னால் செல்லாது என்று தாத்தா முன்னமே சொல்லியிருந்தார்.

அம்மா செவலையிடம் போனாள். அதன் காதைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே கை விட்டுத் தடவினாள். அது நாக்கை நீட்டி அவள் முழங்கையை நக்கியது. “ம்,” என்றாள்.

அப்புறம் என்னிடம் வந்தாள். என் காதையும் தூக்கிப் பின்னால் பார்த்தாள். “இங்க என்ன இவ்வளவு அழுக்கு? குளிக்கறப்ப காதத் தேய்க்கறதில்லையா? எத்தன தடவ சொல்றது?” என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. எவ்வளவு நாளாயிற்று.

“அடையாளம் சொல்லோணும் அம்மிணி,” என்றார் தாத்தா.

“காதுல அழுக்கு. அதவிட என்ன அடையாளம் வேணும் உங்களுக்கு?”

“ரெண்டுக்குமா?”

“ரெண்டும் எம்பட புள்ளைகதான்.”

தாத்தா இரண்டு கயிற்றையும் அவிழ்த்து அம்மா கையில் கொடுத்தார். ஏலக்காரர்கள் எருமைக்கு நகர்ந்தார்கள்.

வெளியே வந்தோம். வெயில் ஏறியிருந்தது. அம்மா என் கயிற்றைக் கழற்றிச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள். செவலை எங்களுக்கு முன்னால் போய், பிள்ளையார் கோயில் முக்கில் எங்கள் தெருப்பக்கம் தானாகத் திரும்பியது.

அம்மா அதைப் பார்த்து, “மெதுவாப் போ கோகி, அக்கா வர வேண்டாமா?” என்றாள்.

நான் எட்டி நடந்தேன்.